பருவம் தவறும் காலத்தில் பயிரும் பல்லுயிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை பொய்ப்பதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும், பயிர் பூக்கிற நேரம் பார்த்து வெயில் கொளுத்துவதும் இன்று எந்த நாட்டு விவசாயியைக் கேட்டாலும் சொல்வதுதான். இதைச் சமாளிக்கச் சொல்லப்படும் வழிகளில் சில, வயலைச் சுற்றி வாழும் உயிர்களையும் சேர்த்துக் காப்பாற்றுகின்றன. சில அவற்றை ஒழித்துவிடுகின்றன. எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலநிலையைத் தாங்கும் விவசாயம் என்றால் அதிக விளைச்சல் எடுப்பதுதானே?

இல்லை. நல்ல ஆண்டில் எவ்வளவு கண்டது என்பதை வைத்து இதை அளக்க முடியாது. கெட்ட ஆண்டில் எவ்வளவு மிஞ்சியது, அடுத்த பருவத்துக்குள் நிலம் மீண்டும் விதைக்கும் நிலைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும்.

எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். அதனால்தான் மழை வந்தால் பேய்மழையாக வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அதே சூடான காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. நெல் முற்பகலில் பூக்கும். அந்த நேரத்தில் வெப்பம் சுமார் 35 டிகிரியைத் தாண்டினால், ஒரு மணி நேரம் போதும், மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகிவிடும். பகல் வெயிலை மட்டும் பார்த்தாலும் போதாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004-இல் வெளியான ஆய்வில், கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

இதில் பல்லுயிர் எங்கே வருகிறது? அது காட்டிலாகா வேலையல்லவா?

வயலில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதியை உயிர்கள்தாம் செய்கின்றன. மண்ணைத் துளைத்து மழையை உள்ளே விடுவது மண்புழு. வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) கொண்டுவருவது வேர்ப்பூஞ்சை. பூச்சியைத் தின்பது சிலந்தியும் பொறிவண்டும் குளவியும் தவளையும். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் மகரந்தச் சேர்க்கைக்கு ஏதோ ஓரளவாவது பூச்சி, பறவை, வௌவால்களை நம்பியிருப்பதாகப் பல்லுயிர் குறித்த அரசுகளிடை அறிவியல் குழு 2016-இல் கணக்கிட்டது.

இங்கே காலநிலையோடு நேரடித் தொடர்பு ஒன்று இருக்கிறது. தேனீ பறக்க மறுக்கும் குளிர்ந்த, மேகமூட்டமான காலையிலும் சில காட்டு வண்டுத்தேனீக்கள் பூவைத் தேடி வரும். வெயில் ஏறிய பிறகு வேறொரு இனம் வரும். ஒரே ஓர் இனத்தை மட்டும் நம்பியிருந்தால், அது வராத வாரத்தில் காய் பிடிக்காது. வானிலை தாறுமாறாக மாற மாற, இப்படி ஆளுக்கொரு நேரத்தில் வேலை செய்யும் உயிர்கள் பலவாக இருப்பதுதான் பாதுகாப்பு.

ஒரே உயர்விளைச்சல் ரகத்தை எல்லாரும் போட்டால் என்ன தவறு?

அமெரிக்காவில் 1970-இல் நடந்தது இதற்கு நல்ல விடை. அப்போது அங்கு விதைக்கப்பட்ட மக்காச்சோளக் கலப்பின விதைகளில் மிகப் பெரும்பாலானவை தாய்ச்செடி வழியாக வரும் ஒரே மரபுக்கூறு கொண்டவை. விதை உற்பத்திக்கு அது வசதியாக இருந்தது. அந்தக் கூறுக்கென்றே ஒத்துப்போகும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்று கிளம்பியது. ஈரமும் வெப்பமும் கூடி வந்த அந்த ஆண்டில் நாட்டின் மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 விழுக்காடு போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பல பெயர்களில் பல விதைகள். உள்ளே எல்லாம் ஒன்று.

இதற்கு நேர் எதிர்த் திசையில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு சோதனை நடந்தது. குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு எளிதில் இரையாகும் உயர்தரப் பசைநெல்லை, நோய் தாங்கும் கலப்பின நெல்லோடு வரிசை மாற்றி நட்டார்கள். ஆராய்ச்சிப் பாத்தியில் அல்ல, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் சொந்த வயல்களில். 2000-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் பசைநெல்லில் குலைநோய் 94 விழுக்காடு குறைந்திருந்தது. பூஞ்சைக்கொல்லி அடிப்பதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள். புதிய விதை, புதிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நடவு வரிசையை மாற்றியதுதான் செய்த வேலை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த முடிவு இது.

உலக அளவில் நிலைமை எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. உணவுக்காகப் பயிரிடப்படும் தாவர இனங்கள் சுமார் 6,000. ஆனால் மொத்தப் பயிர் உற்பத்தியில் 66 விழுக்காடு வெறும் 9 இனங்களிலிருந்து வருகிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019-இல் சொன்னது.

அப்படியானால் எல்லாரும் பழைய ரகங்களுக்குத் திரும்ப வேண்டுமா?

வேண்டியதில்லை. பழையதா புதியதா என்று கட்சி பிரித்துக்கொள்வதால் இழப்பு இரண்டு பக்கமும்தான். வெள்ளத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டெழும் நெல் ரகங்கள் இன்று பல நாடுகளில் சாகுபடியாகின்றன. அந்தக் குணத்துக்கான மரபணு ஒடிசா விவசாயிகள் தலைமுறைகளாகக் காத்துவந்த உள்ளூர் நெல்லிலிருந்து எடுத்தது. 2006-இல் அது அடையாளம் காணப்பட்டது. 2009-இல் அந்தக் குணம் சேர்த்த சுவர்ணா ரகம் இந்தியாவில் வெளியானது. விளைச்சல் திறன் புதிய ரகத்துடையது, மூழ்கினாலும் சாகாத குணம் பழையதுடையது.

1970-களில் ஆசிய நெல்லைப் புல்குட்டை வைரஸ் தாக்கியபோது, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தது. எதிர்ப்புச் சக்தி கிடைத்தது ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில். வடஇந்தியாவில் சேகரிக்கப்பட்டது அது. அந்தக் காட்டு நெல் நின்ற குட்டை அதற்கு முன்பே தூர்க்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயிரின் காட்டு உறவுகள் வாழும் குட்டை, ஓடைக்கரை, மேய்ச்சல் ஓரம் எல்லாம் விவசாயத்தின் சொத்துக்கணக்கில் சேர வேண்டியவை என்று நான் சொல்வது இதனால்தான்.

விதைகளை வங்கியில் உறையவைத்துவிட்டால் போதாதா?

வங்கி அவசியம். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறந்த உலக விதைக் காப்பகத்திலிருந்து, சிரியப் போரால் தன் விதை வங்கியை இழந்த வறள்நில ஆராய்ச்சி மையம் 2015-இல் தன் விதைகளைத் திரும்பப் பெற்று மீண்டும் பெருக்கியது. வங்கி இல்லாவிட்டால் அவ்வளவும் போயிருக்கும்.

ஆனால் உறைந்த விதை, உறைந்த நாளோடு நின்றுவிடுகிறது. வயலில் ஆண்டுதோறும் விதைத்து, தாங்கி நின்ற செடியிலிருந்து விதை எடுக்கும்போதுதான் அந்த ரகம் புதிய வெப்பத்துக்கும் புதிய பூச்சிக்கும் பழகிக்கொண்டே வரும். வங்கியும் வேண்டும், விதைக்கிற கையும் வேண்டும்.

மண்ணில் எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் மண் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உழுத வயலிலிருந்து ஒரு மண்கட்டி, வரப்பிலோ மரத்தடியிலோ பல ஆண்டுகள் கிளறாத இடத்திலிருந்து இன்னொரு மண்கட்டி. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிறைந்த இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கம்பி வலை மேல் மெதுவாக இறக்குங்கள். உயிரோட்டமுள்ள மண்கட்டி குமிழி விட்டு நீரைக் குடிக்கும், உருக்குலையாது. வேரும் பூஞ்சை இழையும் மண்புழுக் கழிவும் அதைப் பிணைத்து வைத்திருக்கின்றன. வலுவிழந்த கட்டி சில நிமிடங்களில் கரைந்து அடியில் சேறாகப் படியும். பெருமழையில் வயலின் மேற்பரப்பில் நடப்பதும் அதுவே: கரைந்த துகள் நுண்துளைகளை அடைத்துக் காய்ந்து ஓடாகிவிடும், அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

செய்ய வேண்டியவை: மண்ணை வெறுமனே வெயிலில் கிடத்தாதீர்கள், அறுவடைக் கழிவால் மூடாக்குப் போடுங்கள், பருவங்களுக்கு இடையில் பசுந்தாள் பயிர் விதையுங்கள், உழவைக் குறையுங்கள், பயிரைச் சுழற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மண்ணில் மட்கு, அதாவது அங்ககப் பொருள், 1 விழுக்காடு கூடினால் ஏக்கருக்குப் பல பத்தாயிரம் லிட்டர் நீரை மண் கூடுதலாகச் சேமிக்கும் என்றொரு கணக்கு எங்கும் உலவுகிறது. அளந்து பார்த்த ஆய்வுகளில் கிடைத்த அளவு அதைவிட மிகக் குறைவு. மட்கின் பெரிய பலன் வேறிடத்தில் இருக்கிறது: மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது, வேர் ஆழமாகப் போகிறது. மிகைப்படுத்திச் சொல்லி ஒரு விவசாயியின் நம்பிக்கையை இழந்தால், உண்மையான பலனையும் அவர் நம்ப மாட்டார்.

வெப்பம் கூடினால் பூச்சியும் கூடும். இந்த நேரத்தில் மருந்தைக் குறைக்கச் சொல்வது சரியா?

பூச்சி கூடும் என்ற கவலை நியாயமானது. உலக வெப்பம் 1 டிகிரி ஏறும்போது நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 விழுக்காடு வரை உயரலாம் என்று 2018-இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. கேள்வி, அதற்கு மருந்து விடையா என்பதுதான்.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அது முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து முட்டையைத் தொடுவதில்லை. தூரைச் சுற்றி ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியையும், புகையான் முட்டையைக் குத்தி உறிஞ்சும் சிறிய மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அது கொன்றுவிடுகிறது. சில நாளில் முட்டை பொரிகிறது. குஞ்சைத் தின்ன வயலில் யாரும் இல்லை. மருந்து அடித்த வயலில்தான் பயிர் வட்டவட்டமாகக் கருகுகிறது. இந்தோனேசியா இதைத் தேசிய அளவில் அனுபவித்தது. 1986-இல் அந்த அரசு நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்து, மருந்துக்கான மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளி நடத்தியது. மருந்துப் பயன்பாடு சரிந்தது. நெல் உற்பத்தி சரியவில்லை.

மருந்தே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அட்டவணை போட்டு அடிப்பதையும், விதைத்த 40 நாளுக்குள் இலை கடிபட்டதைப் பார்த்துப் பதறி அடிப்பதையும் நிறுத்துங்கள். இளம்பயிர் இழந்த இலையைத் திரும்பத் துளிர்த்துக்கொள்ளும். அந்த வாரங்களில் கொல்லப்பட்ட சிலந்திக் கூட்டம் அந்தப் பருவத்தில் திரும்பி வராது.

கென்யாவில் உருவான ஒரு முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற பயறுவகைக் கொடி. வயலைச் சுற்றி நேப்பியர் புல். கொடியின் வாடை தண்டு துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை விரட்டுகிறது, புல் அதை வெளியே இழுத்துக்கொள்கிறது. கூடவே மண்ணுக்குத் தழைச்சத்து, மாட்டுக்குத் தீவனம், பயிரின் வேரை உறிஞ்சும் ஸ்ட்ரைகா களைக்கு முடிவு. வறட்சியையும் தாங்கட்டும் என்று பிறகு வறட்சி தாங்கும் புல், கொடி இனங்களைத் தேர்ந்தார்கள்.

வெளிநாட்டு இரைவிழுங்கியைக் கொண்டுவந்து விடலாமா?

எதை என்பதைப் பொறுத்தது. மரவள்ளி மாவுப்பூச்சி ஆப்பிரிக்காவை வாட்டியபோது, அந்தப் பூச்சியை மட்டுமே தாக்கும் சிறு குளவி பராகுவேயிலிருந்து தேடி எடுத்து, சோதித்து, 1981 முதல் விடப்பட்டது. பெரும் பஞ்சம் தவிர்ந்தது. ஆஸ்திரேலியா 1935-இல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஒரு தேரையைக் கொண்டுவந்தது. வண்டு குறையவில்லை, தேரையின் நஞ்சால் உள்ளூர் விலங்குகள் செத்தன. ஒரே இரையை மட்டும் தின்பதா, கிடைத்ததையெல்லாம் தின்பதா என்ற ஒரு கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். தனிநபர் இதில் கைவைக்கவே கூடாது.

மரம் நட்டால் போதுமல்லவா?

எந்த மரம், எங்கே, யார் நிலத்தில் என்பதற்குப் பதில் இருந்தால் மட்டும். நைஜர் நாட்டு விவசாயிகள் 1980-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் நடவே இல்லை. வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டையில் தானாகத் துளிர்ப்பதை வெட்டாமல் விட்டு, கழித்து வளர்த்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. அவற்றில் ஒன்றான ஃபைதெர்பியா, மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும். பயிருக்கு வெயில் கிடைக்கும், இலை உரமாகும், கோடையில் நிழல் தரும். மரத்தின் மீதான உரிமை தங்களுக்கே என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் விவசாயிகள் அதைக் காத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மறுபக்கம் சீமைக்கருவேலம். வறட்சிக்கு மருந்து என்று 1970, 80-களில் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் பரப்பப்பட்டது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மட்டும் இன்று பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் மேய்ச்சல் நிலத்தை அது மூடிவிட்டது. இயற்கையான புல்வெளியில் மரம் நடுவதும் இதே வகைத் தவறு. புல்வெளி தரிசு அல்ல.

தண்ணீரைச் சேமிக்கும் எந்த முறையும் இயற்கைக்கு நல்லதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. சொட்டுநீர் போட்டதும் மிச்சமான நீரில் பலர் பரப்பை விரிக்கிறார்கள், அல்லது அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுகிறார்கள். முன்பு வயலில் கசிந்து கிணற்றுக்கும் ஓடைக்கும் திரும்பிய நீரும் நின்றுவிடுகிறது. வயலில் சிக்கனம், வட்டாரத்தில் பற்றாக்குறை. எடுக்கும் நீருக்கு உச்சவரம்பு இல்லாமல் கருவியை மட்டும் மாற்றினால் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டேதான் போகும்.

நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது நல்ல முறை. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. நீரும் மிச்சம், மீத்தேன் வாயுவும் ஏறத்தாழ பாதி வரை குறையும். ஆனால் வயலை உலர்த்தும் நாளில் அங்கே தலைப்பிரட்டை இருக்கும். கால் முளைக்காத தலைப்பிரட்டைக்குக் காய்ந்த வயல் மரணம். தவளை இல்லாத வயலில் பூச்சி தின்ன ஆள் குறையும்.

ஜப்பானின் டொயோக்கா நகர விவசாயிகள் இதற்கு வழி கண்டார்கள். அந்நாட்டின் இயற்கை வாழிடங்களில் 1971-இல் அற்றுப்போன கிழக்கத்திய நாரை இனத்தை 2005-இல் அங்கே மீண்டும் பறக்கவிட்டபோது, அதற்கு இரை வேண்டுமே என்று வயலை உலர்த்தும் தேதியைத் தலைப்பிரட்டைகள் தவளையாகும் வரை தள்ளிவைத்தார்கள், குளிர்காலத்தில் நீர் தேக்கினார்கள், மருந்தைக் குறைத்தார்கள். அந்த அரிசிக்கு நாரையின் பெயராலேயே தனிச் சந்தை கிடைத்தது. வயலோரத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டி நீர் நிற்க விட்டாலும், வயல் காயும் நாட்களில் தவளையும் மீனும் அங்கே ஒதுங்கும்.

அங்கக வேளாண்மை மட்டும்தான் வழியா?

செயற்கை உரமும் மருந்தும் இல்லாத அங்கக வயல்களில் உயிரினங்கள் பொதுவாக அதிகம். விளைச்சல் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பயிர்ச்சுழற்சியும் கலப்புப் பயிரும் சேர்ந்த இடங்களில் இந்த இடைவெளி சுருங்குகிறது. குறைந்த விளைச்சலை ஈடுகட்டப் புதிதாகக் காட்டைத் திருத்தினால் உயிர்களுக்கு நட்டமே. எனவே முத்திரையைவிட நடைமுறையைப் பார்ப்பேன்: சான்றிதழ் பெற்ற ஒற்றைப்பயிர்த் தோட்டத்தைவிட, அளவாக உரமிட்டு நான்கு பயிரைச் சுழற்றும் நிலம் பல வகையில் மேல்.

வரப்பில் செடிகொடி விட்டால் எலியும் பாம்பும் வராதா?

எலி தானியத்துக்கு வருகிறது. பாம்பும் ஆந்தையும் எலிக்கு வருகின்றன. வீட்டருகே வரப்பைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, தொலைவில் உள்ள ஓரங்களைப் பூக்க விடுங்கள்.

சிறு நிலம் வைத்திருப்பவர் முதல் பருவத்தில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்றாதீர்கள். கடன் சுமையோடு இருப்பவர் செய்யும் சோதனை தோற்றால் அவருக்கு அடுத்த பருவம் இல்லை. நிலத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். அங்கே ஒரே ரகத்துக்குப் பதில் வயது வேறுபடும் இரண்டு ரகம் போடுங்கள். ஒன்று பூக்கும் வாரத்தில் வெப்ப அலை வந்தால் மற்றது தப்பும். வரப்பில் உளுந்தோ தட்டையோ விதையுங்கள். முதல் 40 நாள் மருந்தைத் தொடாமல் விடுங்கள். அங்கே பலன் கண்டால் பரப்பைக் கூட்டலாம்.

நான் மட்டும் செய்தால் பயன் இருக்குமா?

மண்ணைப் பொறுத்தவரை முழுப் பயன் உண்டு. உங்கள் மூடாக்கு உங்கள் ஈரத்தைக் காக்கும். பூச்சி, தவளை, பறவை விஷயத்தில் பாதிதான். அவற்றுக்கு வேலி தெரியாது. பக்கத்து வயலில் தெளித்தது உங்கள் குளவியையும் கொல்லும். ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்கள் சேர்ந்து முடிவெடுப்பதுதான் நடைமுறைக்கு ஏற்ற அளவு என்று நினைக்கிறேன்.

அரசுகள் எதை மாற்ற வேண்டும்?

2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டில், 2030-க்குள் பூச்சிக்கொல்லிகளால் வரும் ஆபத்தைக் குறைந்தது பாதியாக்குவதும், பல்லுயிருக்குக் கேடான மானியங்களைத் திருத்துவதும் இலக்குகளாக உள்ளன. மானியம்தான் முக்கியம். ஒரு பயிருக்கு மட்டும் கொள்முதலும் காப்பீடும் கடனும் கிடைக்கும் என்று வைத்துவிட்டு, விவசாயியிடம் பலபயிர் போடச் சொல்வது நியாயமில்லை. கலப்புப் பயிருக்குக் காப்பீடு, விவசாயிகள் விதையைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமை, சிறுதானியத்துக்கும் பயறுக்கும் கொள்முதல்: இந்த மூன்றும் வந்தால் மற்றவற்றைப் பெரும்பாலும் விவசாயிகளே பார்த்துக்கொள்வார்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மண் ஈரமாக இருக்கும் ஒரு காலையில், ஒரு சாண் நீளம், அகலம், ஆழத்தில் மண்ணை வெட்டி எடுத்து மண்புழுக்களை எண்ணி எழுதுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம், அதே வயல். பத்துத் தூர்களைத் தட்டிப் பார்த்துப் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பெருமழைக்குப் பிறகு வயலில் நீர் எத்தனை மணி நேரம் நின்றது, வறட்சியில் பயிர் எத்தனையாவது நாளில் நண்பகலில் வாடத் தொடங்கியது என்பதையும் குறியுங்கள். விளைச்சலை ஒதுக்கிய பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் தனித்தனியே எடைபோடுங்கள். இரண்டு, மூன்று நல்ல ஆண்டுகளில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம். வெப்ப அலையோ வெள்ளமோ வந்த ஆண்டின் பக்கத்தைத் திறந்து, இரண்டு எடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்; பரப்பைக் கூட்டுவதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.